ராத்தலுக்கு எத்தனை குண்டு

குமாரபாளையத்தில் வளரும் பிள்ளைக்கு, எண்கள் தலைகீழாகவும் ஓடும் என்பது பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தெரிந்துவிடும். 20-ஆம் நம்பர் நூல் மொத்தம், 40 நடுத்தரம், 80 சன்னம். 100 போட்டால் கையில் பிடித்தாலும் பிடித்த மாதிரி இருக்காது. நம்பர் ஏற ஏற நூல் இளைக்கும். ஏன் இப்படி என்று சிறுவயதில் நூல்கடைக் கணக்குப்பிள்ளையிடம் கேட்டபோது அவர் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னார்: "ஒரு ராத்தல் பஞ்சுல எத்தன சிட்டா இழுக்கறோமோ அதுதான் கண்ணு நம்பரு. நெறைய இழுத்தா சன்னமாத்தான வரும்?"

ஒரு சிட்டா 840 கஜம். ஒரு ராத்தலில் 40 சிட்டா என்றால் 40-ஆம் நம்பர். அவ்வளவுதான்.

பல வருடம் கழித்து, வேலைக்குப் போன பிறகு, ராத்திரியில் தூக்கம் வராமல் துப்பாக்கிகளின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். (ஏன் துப்பாக்கி என்று கேட்காதீர்கள். சிலர் அந்த நேரத்தில் பிரியாணி வீடியோ பார்க்கிறார்கள்.) அங்கே '12 போர்' என்ற சொல் வந்தது. நம் ஊரில் பண்ணைவீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கி பெரும்பாலும் இதுதான். 12 என்பது அங்குலமும் இல்லை, மில்லிமீட்டரும் இல்லை. ஒரு ராத்தல் ஈயத்தை உருக்கி 12 சம உருண்டைகளாக வார்த்தால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாகப் போய் உட்காருமோ அந்தக் குழல் 12 போர். 20 உருண்டை என்றால் 20 போர், குழல் இன்னும் சிறிது. நம்பர் ஏற ஏற இளைக்கிறது. பஞ்சுக்குப் பதில் ஈயம், ராத்தல் அதே ராத்தல்.

அந்த ராத்திரி தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. துப்பாக்கிக் குழலின் விட்டத்தை, அதாவது காலிபரை, யார் எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். குறிப்பாக ஒரே ஒரு கேள்வி: மிகத் தொலைவில், ஆயிரம் கஜத்துக்கு அப்பால் இருக்கும் இலக்கை அடிக்க எந்த விட்டம் சரி? இது சுத்தமான பொறியியல் கேள்வி, அளந்து பார்த்தால் விடை வந்துவிடும் என்று நினைத்தேன். விடை 1857-லேயே வந்துவிட்டது. வந்தது பஞ்சாலைகளின் தலைநகரமான மான்செஸ்டரிலிருந்து.

ஜோசப் விட்வொர்த் துப்பாக்கிக்காரர் அல்ல, இயந்திரக்காரர். நம் லேத் பட்டறைகளில் பெரியவர்கள் 'பி.எஸ்.டபிள்யூ. மரை' என்று சொல்வார்கள் இல்லையா, அதில் கடைசியில் வரும் டபிள்யூ இவர்தான். ஒரு பட்டறையின் போல்ட் இன்னொரு பட்டறையின் நட்டுக்குப் பொருந்தாத காலத்தில், 1841-இல், மரையின் கோணம் 55 டிகிரி என்றும் இந்த விட்டத்துக்கு அங்குலத்துக்கு இத்தனை புரி என்றும் வரையறுத்தவர். 1854-இல் பிரிட்டிஷ் ராணுவத் தலைமை இவரிடம் வந்தது. அப்போது ராணுவத்திடம் இருந்த புத்தம்புது துப்பாக்கி 1853-ஆம் வருட என்ஃபீல்டு, 0.577 அங்குல விட்டம். அதைச் செய்ய நல்ல இயந்திரம் வடிவமைத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். விட்வொர்த் அதைவிட அடிப்படையான ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டார்: ஏன் 0.577? இந்த விட்டமும் இந்த முறுக்கும்தான் சிறந்தவை என்று யாராவது சோதித்துப் பார்த்தீர்களா?

யாரும் பார்த்திருக்கவில்லை. அரசு செலவில் தன் வீட்டருகே 500 கஜ நீளத்தில், காற்றுப் புகாத ஒரு கூடம் கட்டி, அதற்குள் மாதக்கணக்கில் சுட்டுப் பார்த்தார் மனிதர். விட்டத்தை மாற்றி, முறுக்கை மாற்றி, குண்டின் நீளத்தை மாற்றி. மென்பொருளில் நாங்கள் செய்வதும் இதுதான், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாறியை மட்டும் தொடுவது. முடிவில் அவர் வந்து நின்ற எண் 0.451. அறுகோணக் குழல். குண்டின் எடை என்ஃபீல்டின் அதே 530 கிரெயின், ஏறத்தாழ 34 கிராம்.

எடை அதே, விட்டம் குறைவு என்றால் குண்டு நீண்டாக வேண்டும். காற்றை எதிர்கொள்ளும் முகத்தின் பரப்பைக் கணக்கிட்டால் என்ஃபீல்டைவிட ஏறத்தாழ 40 சதவீதம் குறைவு. அதே எடை, சின்ன முகம். காற்று அதைத் தடுக்க முயன்று தோற்கிறது. வேகம் மெதுவாகத்தான் குறையும், பக்கக் காற்றில் ஒதுங்குவதும் குறையும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், ஆயிரம் கஜம் பறந்து போகிற குண்டு எம்மாத்திரம்? அந்த ஒதுக்கத்தை எவ்வளவு குறைக்கலாம் என்பதில்தான் காலிபர் தேர்வின் பாதி விஷயம் இருக்கிறது.

இதற்கு நம் நாமக்கல் மாவட்டத்துக்கே உரிய சாட்சி ஒருவர் உண்டு. கொல்லிமலை வல்வில் ஓரி. அவன் எய்த ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் தாண்டிப் போய் உடும்பில் நின்றது என்று வன்பரணர் புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் பாடியிருக்கிறார். மிகைதான். ஆனால் எதைப் பெரிதாக்குவது என்று புலவர் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். உருண்டைக் கல்லை வைத்து இப்படி ஒரு கதை கட்ட முடியாது, கேட்பவன் சிரிப்பான். ஒல்லியாகவும் நீளமாகவும் கனமாகவும் இருக்கும் பொருள்தான் துளைத்துப் போகும் என்பது வில் பிடித்தவர்களுக்கு எப்போதுமே தெரிந்த விஷயம்.

ஆனால் நீளமான குண்டுக்கு ஒரு தொல்லை இருக்கிறது. உருண்டை எப்படிப் புரண்டாலும் உருண்டைதான். நீளக் குண்டோ வேகமாகச் சுழலாவிட்டால் காற்றில் குட்டிக்கரணம் அடித்துவிடும். சுழற்சி தருவது குழலுக்குள் வெட்டியிருக்கும் முறுக்கு. என்ஃபீல்டில் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. விட்வொர்த் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்தார். அந்தக் காலத்தவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனம். அத்தனை முறுக்கில் குண்டு சிக்கிக்கொள்ளும், குழல் வெடிக்கும் என்றெல்லாம் பயந்தார்கள். 1879-இல் கிரீன்ஹில் என்ற கணித ஆசிரியர் இதற்கு எளிய சூத்திரமே தந்துவிட்டார்: விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால், எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும் என்பது வரும். விட்டம் குறைந்து நீளம் கூடினால் முறுக்கு இறுகும்.

இது குமாரபாளையத்துக்காரனுக்குப் புதிதே இல்லை. நூற்பாலையிலும் சன்ன நூலுக்கு முறுக்கு அதிகம் வேண்டும், இல்லாவிட்டால் இழை நிற்காது. 40-ஆம் நம்பருக்கு அங்குலத்துக்கு 25 முறுக்கு என்றால் 80-க்கு ஏறத்தாழ 35. நம்பர் இரட்டித்தால் முறுக்கு இரட்டிக்காது, வர்க்கமூலக் கணக்கில் ஏறும். காரணம் வேறு, இயற்பியல் வேறு. ஆனால் மான்செஸ்டரில் தினமும் இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு, இளைத்தால் முறுக்கு என்பது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியிருக்காது என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே.

1857 ஏப்ரலில், இங்கிலாந்தின் ஹைத் துப்பாக்கிப் பள்ளியில் இரண்டையும் போட்டிக்கு வைத்தார்கள். 500 கஜத்தில் என்ஃபீல்டின் குண்டுகள் நடுப்புள்ளியிலிருந்து சராசரியாக 2.24 அடி விலகின. விட்வொர்த் 0.37 அடி. 1,400 கஜத்தில் என்ஃபீல்டு இலக்குப் பலகையையே தொடவில்லை. விட்வொர்த்தின் விலகல் 4.62 அடி. பொறியியல் அளவில் விவகாரம் அன்றோடு முடிந்தது.

அதே ஏப்ரல் மாதம், 24-ஆம் தேதி, மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். கொழுப்பு தடவிய அந்தக் காகிதத் தோட்டாவின் கதை நம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் சொல்லாத ஒன்று உண்டு. சச்சரவைக் கிளப்பிய அந்தத் தோட்டா 0.577 விட்டத்துக்கானது. ஹைத்தில் தோற்றுக்கொண்டிருந்த அதே என்ஃபீல்டின் தோட்டா.

கலகம் அடங்கிய பிறகு நடந்ததுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. சிப்பாய்களிடம் இனி என்ன துப்பாக்கி தருவது என்று யோசித்தார்கள். துப்பாக்கி தராமல் இருக்க முடியாது, படையில் பெரும்பகுதி அவர்கள்தான். தந்தாலும் பயம். ஆகவே 1858-ஆம் வருட இந்திய மாதிரி என்று ஒன்றைச் செய்தார்கள். பார்வைக்கு அதே என்ஃபீல்டு, அதே கட்டை, அதே நீளம். ஆனால் குழலின் விட்டம் 0.656 அங்குலம், உள்ளே முறுக்கே கிடையாது. வழுவழு. 900 கஜம் வரை குறித்திருந்த ஏணிக்குறி போய், அதன் இடத்தில் அசையாத ஒரு சின்னக் குறி. தூரத்தைக் குறிக்கவே தேவையில்லை, ஏனென்றால் நூறு கஜத்துக்கு மேல் அது எங்கே அடிக்கும் என்று அதற்கே தெரியாது.

நன்றாக யோசித்துப் பாருங்கள். விட்வொர்த் விட்டத்தைக் குறைத்து முறுக்கை ஏற்றினார், தூரம் கிடைத்தது. அதே அறிவைத் தலைகீழாகப் பயன்படுத்தி, விட்டத்தை ஏற்றி முறுக்கை எடுத்தார்கள், தூரம் போனது. தொழில்நுட்பம் தெரியாமல் செய்த மோசமான துப்பாக்கி அல்ல அது. நன்றாகத் தெரிந்து, அளந்து, மோசமாகச் செய்தது. இன்று நாங்கள் ஒரு மென்பொருளின் வசதிகளைப் பூட்டிவைத்துவிட்டு, காசு கட்டாதவருக்கு முடமான பதிப்பைத் தருவோமே, அதன் இரும்பு வடிவம்.

ஆயுதத்தைப் பிடுங்குவது தமிழ்நாட்டுக்குப் பழகிய விஷயம்தான். பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801 டிசம்பரிலேயே, சென்னை அரசு தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்து பிரகடனம் போட்டது. அது முழு ஆயுதத்தையும் பிடுங்கியது. 1858-இன் தந்திரம் அதைவிட நுட்பமானது: ஆயுதத்தைக் கையிலேயே விட்டுவிட்டு, தூரத்தை மட்டும் பிடுங்குவது.

இங்கிலாந்தில் அதே நேரம் தொலைதூரச் சுடுதல் தேசிய விளையாட்டாகிக்கொண்டிருந்தது. 1860 ஜூலை 2-ஆம் தேதி விம்பிள்டன் மைதானத்தில் விக்டோரியா மகாராணி முதல் குண்டைச் சுட்டுப் போட்டியைத் தொடங்கிவைத்தார். தாங்கியில் பொருத்திய விட்வொர்த் துப்பாக்கி, 400 கஜம். ராணி பட்டுக்கயிற்றை இழுத்ததோடு சரி. குண்டு நடுவிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் விழுந்தது. துப்பாக்கியை முந்தின நாளே குறி பார்த்து வைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன், ராணி முன்னால் யார் ரிஸ்க் எடுப்பார்கள். அந்தப் போட்டி பின்னர் பிஸ்லிக்கு இடம்பெயர்ந்தது. அங்கே இன்றும் கொல்ஹாப்பூர் கோப்பை என்று ஒன்றுக்கு அணிகள் மோதுகின்றன. 1871 முதல் இருக்கும் கோப்பை, நம் கொல்ஹாப்பூர் ராஜாவின் பெயரில். கோப்பை இந்தியாவிலிருந்து போகலாம். இந்தியனின் கையில் ஆயிரம் கஜத் துப்பாக்கி வரக்கூடாது.

விட்வொர்த்தின் துப்பாக்கியை ராணுவம் ஏற்கவில்லை. விலை அதிகம், கரிமருந்தின் கசடு சின்னக் குழலைச் சீக்கிரம் அடைத்தது. ஆனால் அவர் கண்ட விட்டம் பிழைத்துக்கொண்டது. 1871-இல் வந்த மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி 0.45 அங்குலத்துக்கே வந்து நின்றது. 1874 செப்டம்பரில், நியூயார்க் அருகே கிரீட்மூர் என்ற மைதானத்தில் அயர்லாந்தும் அமெரிக்காவும் 800, 900, 1,000 கஜங்களில் மோதியபோது, இரு பக்கமும் இருந்தவை ஏறத்தாழ இதே விட்டத்துத் துப்பாக்கிகள்தாம். அந்த ஆட்டத்தில் மில்னர் என்ற அயர்லாந்துக்காரர் கச்சிதமாக நடுப்புள்ளியை அடித்தார், ஆனால் பக்கத்து இலக்கின் நடுப்புள்ளியை. பூஜ்யம். கடைசிக் குண்டை சுட வேண்டிய அமெரிக்கக் கர்னல் போடின், சற்றுமுன் உடைந்த சோடா பாட்டில் கிழித்த கையைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு நடுவை அடித்தார். 934-க்கு 931. மூன்று புள்ளியில் அமெரிக்கா. இன்று உலகெங்கும் தொலைதூரச் சுடுநர்கள் விரும்பும் 6.5 மி.மீ. கிரீட்மூர் தோட்டா, 2007-இல் வந்தது, இந்த மைதானத்தின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. அதன் குண்டு பொதுவாக 140 கிரெயின், 9 கிராம். முறுக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 78, 20, 8. விட்வொர்த் தொடங்கிய பாதை இன்னும் அதே திசையில் போகிறது.

இந்தியாவில் அந்த எண்கள் வேறு பாதையில் போயின.

1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. உரிமம் உள்ளவர்களுக்கும் அடுத்த வேலி வந்தது. மார்ட்டினி-ஹென்றியின் 0.45 குண்டுகளைப் பிரித்தெடுத்துக் கலகக்காரர்கள் பயன்படுத்திவிடுவார்கள் என்ற பயத்தில், 1900-களின் தொடக்கத்தில், அந்த விட்டத்தை இந்தியாவுக்கும் சூடானுக்கும் இறக்குமதி செய்யத் தடை விதித்தார்கள். யானை வேட்டைக்கு வந்த வெள்ளைக்காரத் துரைகளே மாட்டிக்கொண்டார்கள். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் அவசர அவசரமாக 0.465, 0.470, 0.475 என்று புது விட்டங்களை உருவாக்கின. இன்றும் ஆப்பிரிக்க வேட்டைக்காரர்கள் பெருமையாகப் பேசும் 0.470, பொறியியல் தேவையால் பிறந்தது அல்ல. ஒரு சுங்க உத்தரவைச் சுற்றிப் போவதற்காகப் பிறந்தது.

இதற்குள் ராணுவம் 0.303-க்கு மாறியிருந்தது. தமிழ் சினிமா போலீஸ்காரர் தோளில் நாம் பார்த்துப் பழகிய 'திரீ நாட் திரீ'. ராணுவத் தோட்டா ஆனதும் அதுவும் பொதுமக்களுக்கு மூடியது. அதற்குப் பதில் கொடுக்கப்பட்டது 0.315, அதாவது 8 மி.மீ. பழைய ஆஸ்திரிய மான்லிக்கர் தோட்டாவின் வாரிசு. சுதந்திரத்துக்குப் பின் வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை இதை லீ-என்ஃபீல்டு உடம்பிலேயே செய்தது: அதே போல்ட், அதே கட்டை, குழல் மட்டும் வேறு. மொட்டை மூக்கு, மெதுவான கனத்த குண்டு. ஆயிரம் கஜ இலக்குக்கு எது நல்லது என்று ஒரு சுடுநர் யோசித்திருந்தால் 0.315 அவருடைய பட்டியலில் கடைசியில்கூட வந்திருக்காது. அதன் ஒரே தகுதி, அது 0.303 இல்லை என்பது.

போலீசுக்கும் காவலாளிகளுக்கும் இன்னொன்று செய்தார்கள். 0.303 துப்பாக்கியின் குழலை உள்ளே கடைந்து, முறுக்கை அழித்து, 0.410 ஆக்கினார்கள். தோட்டா அறையில் கட்டையை அடைத்து, ஒரு நேரத்தில் ஒரே தோட்டா என்று ஆக்கினார்கள். 1858-இன் அதே யுக்தி, பல பத்தாண்டுகள் கழித்து, அதே நாட்டில். (போர் கணக்கில் பேசும் துப்பாக்கிகளின் நடுவே இந்த 410 மட்டும் ராத்தல் கணக்கு அல்ல, நிஜ அங்குலம். நூல்கடைக்காரனைக் குழப்புவதற்கென்றே வைத்த பெயர்.)

1947-க்குப் பிறகு மாறியதா? 1959 ஆயுதச் சட்டமும், 1962 விதிகளும், அதன்பின் 2016 விதிகளும் வந்தன. 0.303 அல்லது 7.62 மி.மீ. ராணுவத் தோட்டாவைச் சுடக்கூடிய போல்ட் துப்பாக்கி இன்றும் கட்டுப்பாட்டுப் பட்டியலில்தான். உலகின் தொலைதூர மைதானங்களில் பல பத்தாண்டுகளாகப் பிரதானமாக இருந்த விட்டம் 7.62. நம் சுடுநருக்குச் சட்டம் முதலில் சொல்வது எதை எடுக்காதே என்பதைத்தான், எதை எடுப்பது என்பது மிச்சத்தில் இருந்து. வெள்ளைக்காரன் பயந்தது சிப்பாயை. நம் அரசு பயப்படுவது யாரை? ஆயுதம் எளிதாகக் கிடைக்கும் நாடுகளில் பள்ளிக்கூடத்தில் நடப்பதைச் செய்தியில் பார்த்தவன் நான், இந்தக் கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆளைப் பார்த்துக் கட்டுப்படுத்துவது ஒன்று, குழலின் எண்ணைப் பார்த்துக் கட்டுப்படுத்துவது வேறு. 0.315-ஆல் ஒரு மனிதனைக் கொல்ல முடியாதா என்ன? எண்ணைத் தடுப்பது ராணுவக் கிடங்கிலிருந்து தோட்டா கசியாமல் இருக்க உதவும், அது நியாயமான காரணம். அதற்கு மேல் அதில் இருப்பது பழக்கம்.

தேசிய ரைஃபிள் சங்கம் 1951-இல் உருவானது, அதற்குக் காரணமாக இருந்தவர் மக்களவையின் முதல் சபாநாயகர் மாவ்லங்கர். தேசியப் போட்டிகளில் 300 மீட்டர் பெரிய விட்டப் பிரிவு உண்டு, அதில் பெரும்பாலும் ராணுவ வீரர்கள். ஒலிம்பிக்கில் 300 மீட்டர் 1972-உடன் நின்றுவிட்டது. நமக்குப் பதக்கம் வந்த ரைஃபிள்கள் எவை என்று பாருங்கள். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவின் தங்கம், 2012 லண்டனில் ககன் நாரங்கின் வெண்கலம், இரண்டும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள். 4.5 மி.மீ. ஈயப் பொடி, அரை கிராம் எடை. 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலேயின் வெண்கலம் 50 மீட்டர், 5.6 மி.மீ. இதைக் குறைத்துச் சொல்லவில்லை. 10 மீட்டரில் அரை மில்லிமீட்டர் புள்ளியை அடிப்பது ஆயிரம் கஜத்துக்கு இளைத்த வேலை அல்ல. ஆனால் ஏன் 10 மீட்டர் நம்முடையதாகியது? ஒலிம்பிக்கில் அது இருக்கிறது, அது முதல் காரணம். உள்ளரங்கு போதும், பிந்த்ரா வீட்டிலேயே கட்டிக்கொண்டார். இன்னொரு காரணம், 0.177 அங்குலத்துக்கு மேற்படாத, 20 ஜூலுக்கு மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம். சட்டம் திறந்து வைத்திருந்த ஒரே ஜன்னல் அது, பிள்ளைகள் அதன் வழியாகப் போனார்கள்.

போன வருடம் ஊர் நோம்பிக்குப் போயிருந்தேன். ராட்டினத்துக்குப் பக்கத்தில் பலூன் சுடும் கடை. பலகையில் வரிசையாகப் பலூன்கள், அப்பாவின் வயதிருக்கும் ஒருவர் துப்பாக்கியை மடக்கி மடக்கிக் குண்டு போட்டுத் தந்துகொண்டிருந்தார். பத்துச் சுட்டு மூன்று உடைத்தேன். எல்லாம் இடப்பக்கமே போனது. குறியைக் கொஞ்சம் வளைத்திருப்பார்கள், வியாபாரம்.

"இது எந்த நம்பருங்க?" என்று கேட்டேன்.

"நூத்தி எழுவத்தேழு" என்றார். துப்பாக்கியை அடுத்த பையனிடம் நீட்டிக்கொண்டே, "இதுக்கு மேல பெருசு வெச்சா போலீஸ்காரன் வந்துருவான் கண்ணு" என்றார்.